தெற்குச் சரிவு

பாதை ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை.

ராக்குவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. ஊரணியைத் தாண்டினால் மூச்சு வாங்கும், பாறையில் வெட்டிய படி வரும். இப்போது தரை தட்டையாகவே போனது. இரண்டு பக்கமும் உடைகல் குவியல். அதன்மேல் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கிடந்தது.

"மலையக் காணோமே?"

பஸ்ஸை விட்டு இறங்கியபோதும் இதையே கேட்டாள். கருவ மரம் மறைக்குது என்றான் புருசன் வீரணன். இப்போது அதுகூடச் சொல்லவில்லை. முன்னால் நடந்துகொண்டிருந்தான். வரவர மெதுவாக.

அவள் கையில் ஒரு துணிப்பை. நாலு வயதுக்கு அளவான பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், பூ, பழம், அகல், எண்ணெய், திரி.

தையில் இளைய மகள் வனிதாவுக்குக் கல்யாணம். சிறுவயதில் போய்விட்ட மூத்தவளுக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிடாமல் பந்தக்கால் ஊன்றக் கூடாது. பெற்றவள்தான் வைக்க வேண்டும் என்று இவள் பிடிவாதமாக நின்றாள்.

இருபத்திரண்டு வருடமாக அவன் மட்டும்தான் வந்து போனான்.

மூன்று நாள் காய்ச்சல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மலையின் தெற்குச் சரிவில், உசிலை மரத்தடியில் புதைத்தார்கள். பெண்கள் கூடப் போகும் வழக்கமில்லை. மரத்தை மட்டும் அவளுக்குத் தெரியும். விறகுக்குப் போகும்போது உட்கார்ந்து எழுந்த மரம்.

மறுவருடம் வனிதா பிறந்தாள். கைக்குழந்தையோடு இவளைத் திருப்பூரில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, அவன் இங்கேயே குவாரியில் வேலை பார்த்தான். மூன்று வருடம் கழித்துத்தான் திருப்பூர் வந்து சேர்ந்தான். மலையில் வடக்குப் பக்கம் மட்டும்தான் வெட்டுகிறார்கள் என்று சொல்லியிருந்தான்.

ஆடி அமாவாசைக்கு அமாவாசை ஊருக்குக் கிளம்புவான். திரும்பி வந்து, வெளக்குப் போட்டுட்டேன் என்பான். வேறு பேச மாட்டான். அவளும் கேட்க மாட்டாள்.

அவன் நின்றுவிட்டான்.

அவன் காலடியிலேயே தரை முடிந்திருந்தது.

எட்டிப் பார்த்தாள். நாலு பக்கமும் செங்குத்தாக அறுத்த கல். கல்லின் மேலிருந்து கீழ்வரை துளை போட்ட தடங்கள், சீப்பால் வாரியது மாதிரி. அடியில், எத்தனை பனை ஆழமோ, அசையாத பச்சைத் தண்ணீர்.

"எங்க?" என்றாள்.

அவன் கையை நீட்டினான்.

தரையைக் காட்டவில்லை. நேராக எதிரே காட்டினான்.

எதிரே ஒன்றும் இல்லை.

"அந்தா, அந்த எடந்தான் ராக்கு. அந்த ஒசரந்தான்."

அவள் அவன் விரல் போன வழியே பார்த்தாள். வெறும் காற்று. ஒரு சின்னப் பறவை அந்த இடத்தின் குறுக்கே பறந்து போனது.

உட்கார்ந்துவிட்டாள்.

அவனும் பக்கத்தில் குந்தினான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வடக்கு முடிஞ்சதும் இந்தப் பக்கம் வந்துட்டாங்க. வேணாம், எம்புள்ள கெடக்குன்னு சொன்னேன். நீ தொளை போடலைன்னா வேற ஆள் போடுவான்னாங்க."

உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"வேற எவன் கையும் பட வேணாம்னு, நானே மிசினப் புடிச்சேன்."

அவன் குந்தியிருந்த இடத்துக்கும் விளிம்புக்கும் இடையே இரண்டு முழம் இருக்கும். அவள் கண் அதை அளந்தது. அளந்ததை அவள் கை உணர்ந்தது. கையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்ப வருசா வருசம் எங்க போயி வெளக்குப் போட்ட?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை.

அவன் எழுந்து ஒரு புதரை விலக்கினான். விளிம்பை ஒட்டி ஒரு துண்டுக் கல். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. சுற்றிலும் அகல் விளக்குகள். சில முழுசாக, சில மழைமண்ணில் பாதி புதைந்து, சில வெறும் ஓடாக.

பொய் சொல்லவில்லை. விளக்குப் போட்டிருக்கிறான்.

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. கோபப்படவும் விடவில்லை.

பாவாடை சட்டையை விரித்து அந்தக் கல்லில் வைத்தாள். காற்று தூக்கியது. அவன் ஓடிப்போய் ஒரு சல்லிக் கல் எடுத்து வந்து மேலே வைத்தான். அவள் அதை எடுத்துவிட்டு, தன் கையால் வேறொன்றைத் தேடி வைத்தாள்.

தீக்குச்சி மூன்று அணைந்தது. நாலாவதுக்கு அவன் இரண்டு கையையும் குவித்து மறைத்தான். திரி பற்றிக்கொண்டது.

அவள் வாய்க்குள் என்னவோ சொல்லிக் கும்பிட்டாள். முடியும்போது கை எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. கல்லுக்கா, தண்ணீருக்கா, எதிரே தெரிந்த அந்த வெற்றிடத்துக்கா?

திரும்பி நடந்தார்கள். அவன் நாலைந்து அடி தள்ளியே வந்தான்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் கிடையாது. வெயிலிலேயே நின்றார்கள்.

போன் அடித்தது. வனிதா.

"ஏம்மா, அக்காவுக்குக் கும்பிட்டாச்சா? எடமெல்லாம் எப்படி இருக்கு? கல்யாணம் முடிஞ்சு நானும் அவரும் ஒருநாள் போயிட்டு வரவா?"

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் ரோட்டைப் பார்த்தாள். தூரத்தில் பஸ் வருகிற மாதிரி தூசி.

"ஆச்சுடி. உசில மரம் நல்லா நெழல் கட்டி நிக்குது. உங்கப்பா கூட்டிப் பெருக்கி வச்சிருக்காரு" என்றாள். "நீங்க வர வேணாம். கல்யாணமான புதுசுல இங்கெல்லாம் வரக் கூடாது."