வெட்டாத படம்

"நாம செத்த பிறகு நம்ம போட்டோவ யாருடி பத்திரமா வெச்சிருப்பா?" என்று தையல்காரியிடம் ஒருமுறை ஒருத்தி கேட்டாள்.

அதற்கப்புறம்தான் தையல் கடையின் பின்னறைக்கு இரண்டு பீரோக்கள் வந்தன. பெண்ணோடு வாழ்ந்த பெண்கள், ஆணோடு வாழ்ந்த ஆண்கள் ஆகியோரின் படங்களும் கடிதங்களும் அங்கே சேர்ந்தன. சம்பளமில்லாத வேலை. ஞாயிறுதோறும் அறையைத் திறந்து வைப்பாள்.

அன்று ஒரு பெரியவர் வந்தார்.

"என் தங்கச்சி படம் இங்க இருக்காமே? அவ செத்துப் போய்ப் பத்து வருஷமாச்சு. வீட்டுல இருந்ததையெல்லாம் மானம் போகுதுன்னு நான்தான் கொளுத்தினேன். இப்ப அம்மா சாகக் கெடக்காங்க. அவ மூஞ்சிய ஒரு தடவ காட்டுடாங்கறாங்க."

தையல்காரி ஓர் உறையை எடுத்துக் கொடுத்தாள். படத்தில் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். ஓர் இளம்பெண் அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

பெரியவர் அந்தப் பெண்ணின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்தார். "இந்தச் சனியன வெட்டிட்டுக் குடும்மா. தங்கச்சியக் கெடுத்ததே இவதான்."

"இங்க எதையும் வெட்டறதில்லைங்க."

"தையக்காரி பேசற பேச்சா இது? கத்தரி கைக்கிட்டயேதான இருக்கு!"

"முழுசாவே பிரதி எடுத்துத் தரேன். அம்மா காத்திருப்பாங்க."

"இவளோட சேத்தா? எவ குடுத்தா இத?"

படம் கொடுப்பவர்கள் அதில் இருப்பது யார் யாரென்று பின்பக்கம் பென்சிலால் எழுதித் தர வேண்டும் என்பது அங்கே விதி. அவள் படத்தைத் திருப்பிக் காட்டினாள்.

'இடப்பக்கம் அவள். வலப்பக்கம் நான்.'

"என் எழுத்துதாங்க," என்றாள்.

பெரியவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு படத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.