சத்தம் மாறாத சிலிண்டர்

"அட, இன்னொரு தடவை செஞ்சு காட்டுய்யா!" என்றார் லாரி முதலாளி அமெயாவ்.

கானாவின் டெச்சிமான் ஊர் மெக்கானிக் ஃபுசெய்னி அலுத்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தான். நின்றிருந்த வயசான லாரியின் இன்ஜின் வெள்ளைப் புகையைக் கக்கியபடி நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தது. முதல் சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தினான். இன்ஜின் சத்தம் சட்டென்று தொய்ந்தது.

"கேட்டீங்களா முதலாளி? இதை நிறுத்தினா வண்டி தள்ளாடுது. அப்போ இது உழைக்குது."

அதை இறுக்கிவிட்டு மூன்றாவதைத் தளர்த்தினான். டீசல் பீய்ச்சியடித்தது. சத்தம் அப்படியேதான் இருந்தது.

"இது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். டீசலைக் குடிக்கும், புகையை விடும், அவ்ளோதான். அஞ்சாவதும் இதே கேஸ்."

அமெயாவ் தொடையைத் தட்டிச் சிரித்தார். "தாவியா, கேட்டியாடா? நம்ம கிடங்குக்கும் இதே வைத்தியம்தான். முதல்ல அந்தப் போகுவாவைக் கழட்டுறேன்!"

டிரைவர் தாவியாவின் முகம் செத்துப்போனது. போகுவா, அட்டெபுபு ஊரில் இருக்கும் அமெயாவின் கிழங்குக் கிடங்கில் வேலை செய்பவள். புருஷன் இல்லாமல் பிள்ளைகளை வளர்ப்பவள். சம்பளம் நின்றால் அவள் வீட்டு அடுப்பும் நிற்கும்.

"அக்கா பாவம் முதலாளி..."

"பாவமாம்! நாள் பூரா வாசல்ல முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கா. நான் தொண்டை கிழியக் கத்துறேன், அவ சும்மா கையைக் காட்டுறா. நான் ஊருக்கு வந்ததும் முதல் வேலை அதுதான்."

"நீங்க இப்போ வரலையா?"

"நான் எப்படிடா வர்றது? ஆறு இன்ஜெக்டரையும் கழட்டிப் போடப் போறான். கண்ணு அசந்தா நல்லதைச் சுருட்டிட்டு எவன் வண்டியோட ஓட்டையையோ மாட்டிவிட்டுருவான். நீ போ. வாடகை லாரிங்க வரும். கிழங்கு அழுகறதுக்குள்ள அக்ராவுக்கு ஏத்தணும். நான் இல்லாம என்ன கூத்து நடக்கப் போகுதோ!"

ஃபுசெய்னிக்கு இதெல்லாம் காதில் விழுந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. டெச்சிமானில் எல்லா முதலாளிகளும் இப்படித்தான் காவல் இருப்பார்கள். அவர்களுக்கென்றே ஒரு பெஞ்சு போட்டு வைத்திருந்தான். பல முதலாளிகள் உட்கார்ந்து உட்கார்ந்து அது நன்றாக வழவழத்திருந்தது.

ஒவ்வொரு இன்ஜெக்டராகக் கைப் பம்பில் மாட்டி அடித்துப் பார்த்தான். நான்கு பனி மாதிரி தெளித்தன. மூன்றாவதும் ஐந்தாவதும் சளி பிடித்த மூக்காக ஒழுகின.

"ரெண்டையும் தூக்கிப் போடு!" என்றார் அமெயாவ்.

"எடுத்ததும் தூக்கிப் போடக் கூடாது முதலாளி. கழுவிப் பார்க்கணும். சிலது தேறும்."

கழுவியதில் மூன்றாவது தேறிவிட்டது. ஐந்தாவது தேறவில்லை. "குமாசிக்குச் சொல்லி அனுப்பிட்டேன். புதுசு வரணும்" என்றான். அன்று முழுக்க இந்தக் கதையை அமெயாவ் தாவியாவிடம் போனில் பெருமையாகச் சொன்னார், என்னவோ தானே கழுவியதுபோல.

அதோடு சரி. இன்ஜெக்டர்களை எண்ணக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் டீசல் தட்டில் விழுந்து உயிரை விட்டது.

மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்து தவித்தார். வாச்சே பயறுச் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "இந்நேரம் பாதிக் கிழங்கு அழுகியிருக்கும். பசங்க தூங்கிட்டிருப்பானுங்க. கத்துறதுக்கு ஆள் வேணாமா?" என்று ஃபுசெய்னியிடம் புலம்பினார்.

புது இன்ஜெக்டர் வந்தது. மாட்டியதும் லாரி ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடியது. அமெயாவ் தானே அதை ஓட்டிக்கொண்டு, வழி நெடுக, போகுவாவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

கிடங்கு வாசலில் சத்தமே இல்லை. 'போச்சு, எல்லாம் போச்சு' என்று உள்ளே ஓடினார்.

கிடங்கு காலி. தரை கூட்டிப் பெருக்கியிருந்தது. சுமைக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கிழங்கு எங்கேடா?"

"அக்ரா போய்ச் சேர்ந்துருச்சு முதலாளி. ஒண்ணு அழுகல, ஒண்ணு உடையல" என்றான் தாவியா.

"யார் கத்தி ஏத்தினது?"

"யாரும் கத்தல. அக்கா கையைக் காட்டினாங்க, ஏத்தினோம். நீங்க கத்துறப்பவும் நாங்க அவங்க கையைத்தான் பார்ப்போம்."

அமெயாவ் காலிக் கிடங்கை இன்னொரு சுற்றுப் பார்த்தார். போகுவா தன் முக்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டாள். ஃபூஃபூக் களியும் சூப்பும் எதிரே வைத்தாள்.

"தாவியா எல்லாத்தையும் சொன்னான் முதலாளி" என்றாள். "என்னைக் கழட்டப் போறதையும் சொன்னான். ஒண்ணை நிறுத்திட்டுக் காது கொடுத்துக் கேட்கணுமாமே? நாங்களும் மூணு நாளா கேட்டோம்."

"என்ன... என்ன கேட்டுச்சு?"

"சத்தம்தான் குறைஞ்சுது. வண்டி நல்லாத்தான் ஓடிச்சு."

சுமைக்காரர்கள் சாப்பாட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். அமெயாவ் எழுந்திருக்கப் பார்த்தார். போகுவா வழக்கம்போலக் கையைக் காட்டினாள். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல கையைக் கழுவிட்டுச் சாப்பிடுங்க. கழுவினா சிலது தேறுமாமே. குமாசிக்குச் சொல்லி அனுப்புறதை அப்புறம் பார்த்துக்கலாம்."