முட்டிவலி மாத்திரை

டாக்டர் உமாபதி பொய் சொல்கிறார் என்பதில் பெருந்தேவிக்குத் துளியும் சந்தேகமில்லை. கூண்டில் நின்று சத்தியம் செய்துவிட்டு, குரல்கூட நடுங்காமல் சொல்கிறார்.

"முட்டிவலின்னு வந்தார். முட்டிவலிக்குத்தான் மாத்திரை எழுதினேன்."

மீந்த மாத்திரைகளை மெட்ராஸில் பரிசோதித்திருந்தார்கள். அது ரத்தத்தை இளக்குகிற மாத்திரை. இருதய நோயாளிகளுக்குக் கொடுப்பது. வேண்டாத உடம்பில் போனால் உள்ளேயே ரத்தம் கசியும். பெருந்தேவியின் புருஷனுக்கும் முதலில் ஈறில் கசிந்தது, பிறகு மூக்கில். கடைசியில் தலைக்குள் கசிந்தபோது யாருக்கும் தெரியவில்லை.

மன்னி வைத்துக் கொடுத்த கஷாயம்தான் அண்ணாவைக் கொன்றது என்று, உடலை எடுப்பதற்கு முன்பே எல்லார் எதிரிலும் சொன்னான் மைத்துனன் பராங்குசம். காரியங்கள் முடிந்த கையோடு குழந்தை வத்ஸலாவைத் திருப்புட்குழிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பெருந்தேவி மேல் தப்பில்லை என்று கோர்ட் சொல்லட்டும், குழந்தையை அனுப்புகிறேன் என்றான். டாக்டர் மேல் அவள் வழக்குப் போட்டது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அவளுடைய சாட்சி காலையிலேயே முடிந்திருந்தது. புருஷன் பேரென்ன என்று கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வக்கீல் ஸௌந்தரராஜன் எழுந்து, "தேவராஜன்" என்று தாமே சொன்னார். அதுவும் நம் கோயில் வரதருக்குள்ள பேர்தானே என்று சொல்லியபடி எழுதிக்கொண்டார் ஊர்க்காரரான ஜட்ஜ். அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதே இல்லை; மற்றதையெல்லாம் தடுமாறாமல் சொன்னாள்.

இப்போது கம்பவுண்டர் தணிகாசலம் கூண்டில் ஏறினான். மருந்தை ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தவன் அவன்தான். கொஞ்சம் அழுத்தினால் டாக்டரைக் காட்டிக் கொடுத்துவிடுவான் என்று வக்கீல் அவள் காதோடு சொல்லியிருந்தார்.

"டாக்டர் எழுதினதைத்தானே குடுத்தே?"

"இல்லீங்க," என்றான் தணிகாசலம். "அன்னிக்கு ரெண்டு பொட்டலம் கட்டி வெச்சிக்கினு இருந்தேன். தேவராஜனுக்கு முட்டிவலி மாத்திரை. இன்னொருத்தரு, வரதராஜன்னு, அவருக்கு நெஞ்சுவலி மாத்திரை. அது இவங்க கைக்குப் போயிட்டுது."

பெருந்தேவி தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் டாக்டர் சொன்னது பொய்யில்லை. இருக்கட்டும். யார் செய்தால் என்ன, தப்பு அவர்களுடையதுதான். கஷாயம் இல்லை, தன் கை இல்லை. இன்றைக்கே திருப்புட்குழிக்குப் போய்விடலாம். வத்ஸலாவுக்கு வாசலிலிருந்தே குரல் கொடுக்கலாம்.

வக்கீலுக்கும் தெம்பு வந்துவிட்டது.

"ஒரு உயிர் போயிருக்கு. யாருக்கு மருந்துன்னு ஒரு வார்த்தை பேரைக் கேட்டிருந்தா, இன்னிக்கு அவர் இருந்திருப்பார். இல்லையா?"

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். வக்கீலை விட்டு, ஜட்ஜை விட்டு, பெருந்தேவியைத் தேடிப் பிடித்தன தணிகாசலத்தின் கண்கள். கோபமில்லாமல், கெஞ்சுகிறவன் போல அவளிடம் சொன்னான்.

"பேரு கேட்டேன்மா. நீங்கதான் வரதர் கோபுரத்தைக் காட்டினீங்க."