இடம் மாறிய மோதிரம்

கிட்டே வாங்க, என் செல்லங்களா, ஒரு வெள்ளி மோதிரத்தின் கதை சொல்கிறேன். ஃபெஸ் நகரத்தின் குறுகிய தெருவொன்றில், சாய்ந்த வெயிலில், வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறான் அல்லால். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்த நாளிலிருந்து, செய்ய நினைத்த வேலை அந்தந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வருவதில்லை; செய்ததும் பார்த்ததும்கூடச் சீக்கிரம் மறந்துபோகும். "இன்னைக்கு ரொட்டிய நானே எடுத்துட்டு வர்றேன் ஹ்னியா, வேற யாரையும் கேக்காத" என்று காலையில் மனைவியிடம் கெஞ்சி, மறக்காமலிருக்க மோதிரத்தை வலக்கைக்குத் தானே மாற்றிக்கொண்டான். அவளும் நம்பி, மாவைத் தெருக்கோடிப் பொது அடுப்பில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு ஒலிக்கிறது. ரொட்டி எடுக்கும் நேரம். அல்லால் மோதிரத்தைப் பார்க்கிறான், திருகுகிறான், மறுபடி பார்க்கிறான். தலைமேல் பலகையில் சுடச்சுட ரொட்டியோடு வரும் பக்கத்து வீட்டு ரக்கியா சிரிக்கிறாள். "என்னண்ணே, புது மாப்பிள்ளையாட்டம் மோதிரத்தையே பாத்துக்கிட்டிருக்கீங்க?" "தப்பான கையில கெடக்கும்மா. யாரு மாட்டிவிட்டாங்களோ." கழற்றி, இடக்கையில் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறான். அவள் கதவு சாத்திக்கொள்கிறது. வாசம் மட்டும் தெருவில் நிற்கிறது. "யார் வீட்டு ரொட்டியோ, நல்லா மணக்குது" என்கிறான், ஆளில்லாத தெருவைப் பார்த்து. உங்கள் வீட்டு ரொட்டி, சூடு ஆறுமுன் உங்கள் வாசல் வந்து சேரட்டும், கண்ணுகளா.