மீசை வைத்த மீன்

"இந்த மீன் விடியற வரைக்கும் தாங்காது மாதேசு" என்றான் தௌபீக், கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டியபடி. "எப்படி மூச்சு வாங்குது பாரு."

மாதேஷும் குனிந்து பார்த்தான். ஒரு சாண் நீள நவரை மீன், தொட்டியின் மூலையில் மணல்மேல் வயிற்றை வைத்துக் கிடந்தது. செவுள்கள் படபடவென்று திறந்து மூடின. தாடைக்குக் கீழே தொங்கிய இரண்டு மீசைகள் மட்டும் ஓயாமல் மணலைத் துழாவின. துழாவிய இடத்தில் வெள்ளையாக ஏதோ புகைபோல எழும்பி, மெல்ல அடங்கியது.

மழைக்காலம் தொடங்கும் முன்னால்தான் மாதேஷின் அப்பா அங்கப்பன் சேலத்து ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். ஏற்காட்டு மலைமேல் இருக்கும் வெள்ளக்கடையை விட்டு அதிகம் இறங்காத மனிதர்; கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. "என்னைக் கடல்ல கரைச்சுருங்க" என்பதுதான் கடைசியாகக் கேட்டது. அம்மா துணியால் வாய் கட்டிக் கொடுத்த அஸ்திப் பானையை மாதேஷ் ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கரைத்தான். திரும்பும்போது, கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் கேட்டு, துள்ளிக்கொண்டிருந்த இந்த மீனைக் கடல் தண்ணீரோடு கேனில் வாங்கி வந்தான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அப்பா கரைந்த தண்ணீரில் நீந்திய மீன், அவ்வளவுதான். ஏற்காடு பஜாரில் மீன் தொட்டி விற்கும் தௌபீக்தான் எல்லாம் அமைத்துக் கொடுத்தான்.

முதல் நாள் பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஐயாக்கண்ணு சிரித்தார். "அந்த மீசையப் பாருங்க! நம்ம அங்கப்பண்ணனேதான். ஒரு டீ போட்டுக் குடுங்க, குடிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாதேஷின் அம்மா ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஆமாங்க, அவரு இனி எங்கயும் போவ மாட்டாரு" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் சாமி கும்பிட்ட கையோடு தொட்டிக்கு வருவாள். விரல் நுனியில் திருநீறு ஒட்டியிருக்கும். அதோடு தண்ணீரைத் தொட்டுவிட்டு, மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பாள். காப்பிப் பழம் எடுக்க ஆள் கிடைக்காதது, கன்று பால் குடிக்காதது, எல்லாம். மற்றவர்களைக் கண்டால் கல்லுக்குப் பின்னால் ஒளியும் மீன், அவள் விரலுக்கடியில் வந்து மீசையை ஆட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாதேஷுக்கு முதுகுத்தண்டு சில்லிடும்.

தௌபீக் தொட்டித் தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் எடுத்து, சொட்டு மருந்து விட்டான். தண்ணீர் கருநீலமானது.

"தண்ணியில காரத்தன்மை எகிறிக் கிடக்குடா. சுண்ணாம்பைக் கொட்டுன மாதிரி. என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலடா." மாதேஷ் ஒவ்வொன்றாக யோசித்தான். உப்பு, அதே பாக்கெட். மணல், ஏழெட்டுத் தரம் அலசியது. ஹீட்டர் ஓடுகிறது. மோட்டாரும் ஓடுகிறது. "நாந்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்."

"தப்பை அப்புறம் தேடு. அந்த வெள்ளைச் சேறு மொத்தத்தையும் டியூப் போட்டு உறிஞ்சி வெளிய எடுத்துரு. பாதித் தண்ணிய மாத்து. பொழைச்சாலும் பொழைக்கும்."

"தண்ணிய மாத்த வேண்டாம்."

இருவரும் திரும்பினார்கள். ராசாத்தி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"ஏனுங்கம்மா, மாத்தலன்னா செத்துருமுங்க" என்றான் தௌபீக்.

"மீனு செத்தாச் சாவட்டும் சாமி. தண்ணியத் தொடாதீங்க."

தினமும் அந்த மீனோடு பேசுகிறவள் சொல்லும் பேச்சா இது? தௌபீக் மாதேஷின் முகத்தைப் பார்த்தான். பிறகு பைக் சாவியை எடுத்துக்கொண்டான். "பனி இறங்குதுடா. நான் கெளம்பறேன்" என்று நழுவினான்.

ராசாத்தி பால் கறக்கக் கொட்டகைக்குப் போகும்வரை மாதேஷ் காத்திருந்தான். மீன் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. இதுவும் கண்ணெதிரே போய்விட்டால், அப்பாவிடமிருந்து மிஞ்சியது என்று வீட்டில் எதுவும் இராது. ரப்பர் டியூபின் ஒரு முனையை வெள்ளைச் சேற்றில் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். அவன் நினைத்ததைவிட வேகமாகத் தண்ணீர் ஏறி வாய் நிறைந்தது. ஒரு மிடறு உள்ளேயும் போய்விட்டது. உப்பு தொண்டையைக் கரித்தது. நாக்கில் மாவு மாதிரி ஏதோ நறநறவென்று அப்பியது.

டியூபை வாளியில் விட்டான். வெள்ளை வெள்ளையாக இறங்கியது. தொட்டி தெளியத் தெளிய, மீன் மெல்ல நிமிர்ந்து ஒரு சுற்று நீந்தியது. மாதேஷுக்குக் கண் கலங்கியது. உப்புக் கரைத்த புதுத் தண்ணீரை ஊற்றி முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தான். எதிரே பால் சொம்போடு ராசாத்தி.

"வாளியில என்ன கண்ணு?"

"மீன் பொழைச்சிருச்சும்மா! இது அடியில கெடந்த அழுக்கு. சாக்கடையில ஊத்திட்டு வந்தர்றேன்."

சொம்பு கீழே விழுந்து பால் ஓடியது. அவள் வாளியைப் பிடுங்கி மடியோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அப்பா மாதிரி நெனைச்ச மீனு உசுரோட இருக்குது. நீங்க எதுக்கு..."

"மீனு உங்கப்பா இல்ல கண்ணு." வாளித் தண்ணீரை அவள் விரலால் தொட்டாள். "அவரை நொம்ப தூரத்துல தனியா உட்டுட்டு வர எனக்கு மனசு வரல. ராமேஸ்வரத்துல நீ கரைச்சது நம்மூட்டு அடுப்புச் சாம்பல். நீ கடலையே ஊட்டுக்குக் கொண்டாந்தப்புறந்தான், தெனமும் ஒரு சிட்டிகையா அவரை இதுல கரைச்சேன்."

பல்லிடுக்கில் நறநறத்துக்கொண்டிருந்ததைத் துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் மாதேஷ் நின்றான்.