பக்கத்துக் கதிரை

வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகச் சேர்ந்த கறுப்பினச் சிறுமியைப் பற்றி, நோர்வேயில் படிக்கும் டிலானியின் வகுப்பில் ஒரு நாவல் படித்தார்கள். அதையொட்டி ஆசிரியை கட்டுரைக்குச் சில கேள்விகள் கொடுத்திருந்தார்.

‘உன் வகுப்பில் இப்படி யாராவது உண்டா?’

மகள் எழுதியிருந்த விடையை ஜெசிந்தா வாசித்தாள்.

‘உண்டு. இருபத்துநான்கு பேரில் அவளுடைய நிறத்தில் வேறு ஒருவரும் இல்லை. அவளுக்குப் பக்கத்துக் கதிரை எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். சாப்பாட்டையும் தனியே இருந்துதான் சாப்பிடுவாள்.’

ஜெசிந்தா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை? இனி அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம். வேறை ஊரிலை, லோறென்ஸ்கூக்கிலை வீடு பாப்பம். நாளைக்கே வந்து ரீச்சரோடை கதைக்கிறன்.”

டிலானி மெல்ல விலகினாள்.

“அம்மா, அது நானில்லை. எம்மா.”

“எந்த எம்மா?”

“புதுசா வந்த நோர்வேக்காரப் பிள்ளை. இஞ்சை மோர்டென்ஸ்ருட்டிலை எங்கடை வகுப்பிலை அவள் ஒருத்திதான் வெள்ளை. மற்ற எல்லாரும் சோமாலி, பாகிஸ்தானி, தமிழ்ப் பிள்ளையள்.”

ஜெசிந்தா தாளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நீயும் அவளோடை கதைக்கிறேல்லையோ?”

டிலானி தலையைக் குனிந்துகொண்டாள். தாள் முடிவில் ஒரு கேள்வி விடையில்லாமல் கிடந்தது. ‘அந்த வகுப்பில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?’

“இதை ஏன் எழுதேல்லை?”

“நாளைக்கு அவளுக்குப் பக்கத்திலை போய் இருந்திட்டு வந்து எழுதுறன், அம்மா.”