மாதம்மாளின் நெற்றி முடி

பாலக்கோட்டிலிருந்து வந்த டவுன் பஸ்ஸை விட்டு மாதம்மாள் இறங்கியதும், எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த சின்னராஜ் டீயை வேட்டியிலேயே கொட்டிக்கொண்டார்.

ஐம்பத்திரண்டு வயசுப் பெண்டாட்டியின் நெற்றியில், புருவத்தைத் தொட்டபடி, இந்தி நடிகை மாதிரி வரிசையாகக் கத்தரித்துவிட்ட முடி.

விறுவிறுவென்று அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனார். கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டார்.

விடிந்தால் மாரியம்மன் பண்டிகை. ஓசூர் கம்பெனியில் கூட வேலை பார்த்த இந்திக்காரப் பெண் ரேணுவை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்ட மகன் மாதவராஜ், அவளை முதல் தடவையாக மாரண்டஹள்ளிக்குக் கூட்டி வருகிறான். அவளுக்குக் கழுத்துக்கு மேலேயே வெட்டிய முடி. யாராவது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவோம், அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டோம் என்று மகன் போனிலேயே சொல்லிவிட்டான்.

சொல்வதற்கு ஆள் தயாராகத்தான் இருந்தது. கடத்தூரில் வாழ்க்கைப்பட்ட சின்னராஜின் அக்கா பாஞ்சாலி.

"பூ வைக்க இடமில்லாத தலையோட சாமி கும்பிட வராளா? வரட்டும். எல்லார் முன்னாடியும் வச்சுக் கேக்கறேன்" என்று போன வாரம் அவள் போனில் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது.

இந்த லட்சணத்தில் மாமியாரும் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றால்?

"வர்ற புள்ளையக் கேலி பண்ணத்தானே இந்த வேஷம்?" என்றார் சின்னராஜ்.

"ஏங்க, நல்லால்லியா? ஒரு காலத்துல நீங்க கேட்டதுதானே."

அவருக்குச் சுருக்கென்றது. லாரி ஓட்டிய நாளில், நாசிக்கில் வெங்காயம் ஏற்றி வரும்போதெல்லாம் இந்தி நடிகை படம் போட்ட காலண்டர் ஒன்றும் கூட வரும். கல்யாணமான புதுசில் வந்த படத்தில் தலை முழுக்கக் குருவிக்கூடு மாதிரிச் சுருட்டை. அதே மாதிரி வேண்டும் என்றார். மாதம்மாள் ஈரத்தலையில் இருபத்தாறு குட்டிப் பின்னல் போட்டுப் படுத்து, காலையில் அவிழ்த்துவிட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். மாடு மிரண்டு அன்றைக்குப் பால் கொடுக்கவில்லை.

அவளுக்குச் சுருட்டை கைவருவதற்குள் காலண்டரில் படிப்படியாக வெட்டிப் பறக்கவிட்ட முடி வந்துவிட்டது. அதற்கப்புறம் இஸ்திரி போட்ட மாதிரி நேர்முடி. உங்க நடிகைங்க எல்லாம் ஒரு முடிவுக்கு வந்தப்புறம் சொல்லுங்க என்று அவள் கை கழுவிவிட்டாள்.

அதெல்லாம் அந்த வயசு. இப்போது என்ன கேடு? அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்.

காலையில் ரேணு துப்பட்டாவைத் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். பிடித்த கையை எடுக்கவே இல்லை.

பின்னாலேயே பாஞ்சாலியும் வந்தாள். கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள், வாசலில் மாதம்மாளைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துபோனாள்.

"என்னடி இது, நெத்தியில தாவாரம் எறக்கியிருக்கற?"

"இந்திப் படத்துல இப்ப இதாங்க அண்ணி."

அவ்வளவுதான். பந்தியில் உட்கார்ந்தும் பாஞ்சாலியின் வாய் ஓயவில்லை. பேரன் எடுக்கிற வயசு என்றாள். குழம்பில் முடி விழும் என்றாள். தாவாரத்தில் கோழி வந்து ஒண்டும் என்றாள். மாதம்மாளும் சும்மா இருக்கவில்லை. தலையைச் சிலுப்பிச் சிலுப்பிக் காட்டினாள். சின்னராஜ் கூனிக்குறுகி மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க கல்யாணக் கொண்டைய விடவாங்க அண்ணி?" என்றாள் மாதம்மாள்.

பந்தியே சிரித்தது. சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தெரிந்த கொண்டை அது. பம்பாய் நடிகைகள் வைத்து அலுத்துப்போன கோபுரக் கொண்டை, பத்து வருசம் கழித்து ஆடி அசைந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது, பாஞ்சாலி பழைய குடைத்துணியைச் சுருட்டி உள்ளே வைத்து உயர்த்தியிருந்தாள். அதைத் தாண்டி மாலை போட மாப்பிள்ளை எக்கி நிற்கிற போட்டோ கடத்தூர் வீட்டில் இன்னும் மாட்டியிருக்கிறது.

பாஞ்சாலிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அப்ப எனக்குப் பத்தொம்பது வயசுடி. சின்னஞ்சிறுசுங்க எப்படி வச்சாலும் அழகுதான். உனக்கென்னடி வந்துச்சு?"

எல்லோரும் சிரிக்க, பாதி புரிந்தும் புரியாமலும் ரேணுவும் சிரித்தாள். துப்பட்டா நழுவித் தோளில் கிடந்தது. யாரும் அந்தத் தலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புறப்படும்போது பாஞ்சாலி ரேணுவைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். மாதவராஜ் பதறிப்போய்ப் பின்னால் ஓடினான். பாஞ்சாலி தன் கொண்டையிலிருந்து ஒரு துண்டு மல்லிகையைக் கிள்ளி, தன் கொண்டை ஊசியையே உருவி, அந்தக் குட்டை முடியில் குத்திவிட்டாள்.

"நல்லாத்தான் நிக்குது. பாவம் கண்ணு நீ, மொழி தெரியாத ஊருல இப்படி ஒரு மாமியாகிட்ட வந்து மாட்டிக்கிட்டியே. எதுன்னாலும் எனக்கு போன் போடு."

மாதவராஜ் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறோம் என்றான்.

அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்த சின்னராஜ், பகலெல்லாம் அடக்கி வைத்திருந்த திட்டோடு உள்ளே போனார்.

மாதம்மாள் கண்ணாடி முன்னால் நின்று, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கிளிப்பை விடுவித்தாள். நெற்றி முடி மொத்தமும் கையோடு வந்தது. அடியில் அவளுடைய பழைய வகிடு, எண்ணெய் வைத்து இழுத்துச் சீவினது, அப்படியே இருந்தது.

"ஃபேன்சி ஸ்டோர்ல வாங்கினதுங்க. பீரோவுல பத்திரமா வைங்க" என்று அவர் கையில் கொடுத்தாள். "அடுத்த மாசம் உங்க சித்தி வூட்டுக் கல்யாணத்துக்கும் ரேணு வருது."